வைகையில் ஒருவர் மூழ்கும்போது கயாக் எந்த நிமிடத்தில் உதவும்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். மதுரைக்கு மேற்கே ஒரு தடுப்பணையில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர் உங்கள் கண்ணெதிரே மூழ்கினார். தீயணைப்பு வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆனது. உடல் மறுநாள்தான் கிடைத்தது. வெளிநாட்டு ஆறுகளில் கயாக் எனப்படும், துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகை ஓட்டும் தன்னார்வலர்கள் மீட்புப் படையினரோடு சேர்ந்து தேடுவதைக் காணொளிகளில் பார்த்திருக்கிறீர்கள். நம் ஊரில் அப்படி ஒரு குழு இருந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானா? நண்பர்கள் ஏழெட்டுப் பேர் பணம் போட்டு இரண்டு கயாக் வாங்கினால் அடுத்தவரையாவது காப்பாற்ற முடியுமா? இதற்குள் நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கரையில் நின்ற நாங்கள் ஏதாவது செய்திருக்கலாமா என்பது அது. எழுதிய கேள்விக்கும் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் தென் மாவட்டங்களில் வேலை பார்த்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். கிணறு, கண்மாய், கல்குவாரிக் குட்டை, பாசனக் கால்வாய், ஆறு என எல்லா நீரிலும் ஆட்களைத் தேடியிருக்கிறேன். கயாக் ஓட்டக் கற்றது பிற்காலத்தில், அதுவும் ஓட்டம் குறைந்த நீரில். பாறைகளுக்கு இடையே பாயும் மலையாற்றில் கயாக் ஓட்டுவது வேறு கலை. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மருத்துவம் தொடர்பாகச் சொல்பவை முதலுதவிப் பயிற்சியில் சொல்லித் தரப்படும் அளவோடு நிற்கும்.

முதலில் கசப்பான பகுதி. உங்களிடம் கயாக் இருந்திருந்தாலும் அந்த மாணவர் அநேகமாகப் பிழைத்திருக்க மாட்டார். நீந்தத் தெரியாத ஒருவர் ஆழத்தில் சிக்கினால் நீர்மட்டத்தில் தத்தளிப்பது இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான். பிறகு உள்ளே போய்விடுவார். மூழ்கிக் கிடந்த நேரம் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் மூளை பாதிக்கப்படாமல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. மூழ்கியவர் பிழைப்பதையும் பிழைக்காததையும் வயதோ உடல் வலிமையோ தீர்மானிப்பதைவிட இந்த நேரக் கணக்குதான் அதிகம் தீர்மானிக்கிறது என்பதில் உலகெங்கும் உள்ள மீட்பு வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இப்போது உங்கள் கயாக்கை எண்ணிப் பாருங்கள். யாரோ தொலைபேசியில் சொல்ல வேண்டும், கயாக்கை வண்டி மேல் ஏற்றிக் கட்ட வேண்டும், சோழவந்தான் சாலை நெரிசலைக் கடக்க வேண்டும், கரையிலிருந்து நாணலுக்குள் வழி கண்டுபிடித்து இறக்க வேண்டும். மாட்டுத்தாவணியிலோ தல்லாகுளத்திலோ இருக்கும் கயாக் ஐந்து நிமிடத்தில் வந்து சேராது. நீங்கள் பார்த்த வெளிநாட்டுக் காணொளிகளிலும் கூர்ந்து கவனித்தால் தெரியும்: அழைப்பு வந்த பிறகு வந்து சேரும் கயாக் குழுவினர் பெரும்பாலும் தேடத்தான் செய்கிறார்கள். உயிரோடு ஒருவரை இழுத்து வரும் கயாக் என்றால், அது ஏற்கெனவே அந்த நீரில் மிதந்துகொண்டிருந்ததாக இருக்கும்.

பனி நீரில் முக்கால் மணி நேரம் மூழ்கிக் கிடந்த குழந்தை பிழைத்தது என்ற செய்தியை யாராவது காட்டுவார்கள். அது பொய்யல்ல. உறைநிலைக்கு நெருக்கமான குளிரில் மூளைக்குப் பிராணவாயுத் தேவை வெகுவாகக் குறைந்துவிடுவதால் நடப்பது அது. வைகைத் தண்ணீருக்கு அந்தக் கணக்கைப் போட்டு ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கை கொடுப்பது கொடுமை.

ஆகவே முதல் ஐந்து நிமிடம் முழுக்க முழுக்கக் கரையில் நிற்பவர்களின் கையில் இருக்கிறது. அதில் முதல் சிக்கல், மூழ்குவதை மூழ்குவதாகவே பலர் அடையாளம் காண்பதில்லை. திரையில் காட்டுவதுபோல யாரும் கைகளை வீசிக் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? உடல் செங்குத்தாக நிற்கும், வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். கரையில் இருப்பவர் கண்ணுக்கு அது விளையாட்டாகத் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர்களே பத்தடி தூரத்தில் நடந்ததைக் கவனிக்காமல் விட்டதாகச் சொன்ன வாக்குமூலங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கண்ணுக்கு முன் நடந்தாலும் அது தெரியாது, அவ்வளவுதான். பேச்சுக் கொடுத்தும் பதில் சொல்லாமல் நீரில் நிமிர்ந்து நிற்பவர் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குதிக்காதீர்கள். நம் பக்கத்தில் ஒருவர் மூழ்கினார் என்ற செய்தியைவிட அண்ணனும் தம்பியும், மாமனும் மருமகனும் சேர்ந்து மூழ்கினார்கள் என்ற செய்திதான் மனதை அதிகம் அறுக்கும். நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதல் ஆள் மணல் அள்ளிய குழியில் கால் வைக்கிறார். காப்பாற்றப் போனவரை அவர் கழுத்தோடு கட்டிக்கொள்கிறார். மூழ்குபவரின் பிடி நன்றி மறந்த பிடி அல்ல. மேலே ஏற எது கிடைத்தாலும் பற்றும் உடலின் செயல். நல்ல நீச்சல்காரர்கூட முன்பக்கமாகப் போய் அந்தப் பிடியில் சிக்கினால் தப்புவது கடினம். மீட்புப் பயிற்சியில் வரிசை இப்படித்தான் கற்பிக்கப்படும்: கரையில் படுத்துக்கொண்டு எதையாவது நீட்டு, எட்டாவிட்டால் மிதப்பதை வீசு, அதுவும் முடியாவிட்டால் படகில் போ, நீரில் இறங்குவது கடைசி, அதுவும் பயிற்சி உள்ளவர் மட்டும், கையில் ஒரு மிதவையோடு.

நீட்டுவதற்கும் வீசுவதற்கும் நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. மூடியை இறுக்கிய இருபது லிட்டர் காலித் தண்ணீர் கேன் ஏறக்குறைய இருபது கிலோ எடையைத் தாங்கும். தலையை மட்டும் நீருக்கு மேல் வைத்துக்கொள்ள ஒருவருக்கு அதில் பாதி போதும். கவிழ்த்துப் பிடித்த பிளாஸ்டிக் குடம், லாரி டயர் டியூப், மூங்கில் கழி, வேட்டி, சேலை எல்லாமே மீட்புக் கருவிகள்தான். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் சிக்கியபோது, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை வீசி இருவரை இழுத்துப் போட்டார்கள். மாநில அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவர்களிடம் கயாக்கும் இல்லை, உயிர்காப்பு உடையும் இல்லை. அந்த நால்வரில் இருவர் இறந்துபோனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேலைக்கும் ஒரு நீளம் உண்டு.

நீங்கள் சொன்ன இடம் தடுப்பணை என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கயாக் ஆசை உள்ளவர்களுக்கு மிக ஆபத்தான இடம் அதுதான். அணை மேல் வழிந்து விழும் நீர் அடிவரை பாய்ந்து, சற்றுத் தள்ளி மேலெழுந்து, மேற்பரப்பில் மீண்டும் அணைச் சுவரை நோக்கியே திரும்பி வரும். சுவருக்குக் கீழே சில அடி தூரத்துக்கு ஆறு பின்னோக்கி ஓடுகிறது என்று பொருள். அதில் விழுந்தவரை நீர் சுவருக்கு இழுக்கும், விழும் நீர் அடியில் அமுக்கும், மேலே வந்ததும் மறுபடி சுவருக்கு இழுக்கும். அங்கே நுரை அதிகம். காற்று கலந்த நீரில் மிதப்புத் திறன் குறைவு என்பதால் உயிர்காப்பு உடைகூட முழுதாகத் தாங்காது. பார்வைக்கு நாலடி உயரச் சுவர், சிறுபிள்ளைகள் அருவி என்று நினைத்துக் குளிக்கும் இடம். அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் 1975இல் சஸ்குவஹன்னா ஆற்றின் இப்படியொரு தாழ்ந்த அணையில், மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே படகு கவிழ்ந்து இறந்தார்கள். அங்குள்ள மீட்புப் பயிற்சிகளில் இன்றும் அந்தச் சம்பவத்தைப் பாடமாகச் சொல்வார்கள்.

வைகையில் எல்லாத் தடுப்பணையும் எல்லா நாளும் இப்படி இழுக்காது. கீழ்ப்பக்க நீர்மட்டத்தையும் வழியும் அளவையும் பொறுத்தது அது. மெலிதாக வழியும் நாளில் இழுப்பு குறைவாக இருக்கலாம். வெள்ளம் அணையையே மூடிப் போகும் நாளில் அது வேறுவிதமாக இருக்கும். எந்த மட்டத்தில் எந்த அணை கொல்லும் என்று கரையில் நின்று கண்ணால் அளந்து சொல்லிவிட முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா அணைக்கும் பொதுவாக ஒன்று உறுதி. கான்கிரீட் தளம் முடியும் இடத்துக்கு அப்பால் விழும் நீர் மணலை அரித்துப் பள்ளம் பறித்திருக்கும். முழங்கால் நீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். சிக்கினால் அடியில் முங்கி வெளியேறு, பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறு என்றெல்லாம் யோசனைகள் உண்டு. சில வேளை பலித்திருக்கின்றன. அவற்றை நம்பி யாரும் இறங்கும் அளவுக்கு அவை உறுதியானவை அல்ல. கயாக் குழுவுக்கு என் விதி ஒன்றுதான்: அணைக்கு மேலேயும் கீழேயும் நுரை தெரியும் தூரத்துக்குள் படகு போகக் கூடாது. அங்கே சிக்கியவருக்குக் கரையிலிருந்து கயிறு வீசுவது மட்டுமே வேலை.

பாசனக் கால்வாய் இன்னொரு வகை. வைகையின் குறுக்கே உள்ள பேரணையில் பிரியும் பெரியார் பிரதான கால்வாயில் முதல் போகத்துக்கு விநாடிக்கு 900 கன அடி வரை தண்ணீர் விடுவார்கள். ஒவ்வொரு விநாடியும் இருபத்தைந்தாயிரம் லிட்டர். சாய்வான கரை வழுக்கும், பிடிக்க வேர்கூட இருக்காது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால், ஒரு நிமிடத்தில் அறுபது மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். சாதாரண நீச்சல்காரரால் அந்த வேகத்தை எதிர்த்து நீந்த முடியாது. ஓட்டம் இரண்டு மடங்கானால் உடல் மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். கால்வாயில் விழுந்தவரைத் துரத்தி நீந்துவதைவிட, இருசக்கர வண்டியில் அவருக்கு முன்னால் போய், அடுத்த பாலத்தில் கயிற்றைத் தொங்கவிட்டுக் காத்திருப்பது பலன் தரும். தேடும் கட்டத்தில் நீர்வளத்துறையிடம் கேட்டு மதகை இறக்கி நீரைக் குறைக்கச் செய்யலாம். மாவட்ட நிர்வாகம் வழியாகக் கேட்டால் செய்வார்கள். அது தெரியாமல் பொழுதெல்லாம் ஓடும் நீரில் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

தகவல் சொல்வதிலும் ஒரு திறமை வேண்டும். 101க்கோ 112க்கோ அழைத்து "வைகை ஆத்துல ஒருத்தர் விழுந்துட்டார்" என்று சொன்னால் வண்டி எந்தப் பக்கம் வருவது? வடகரையா தென்கரையா என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தவறான கரைக்கு வந்த வண்டி அடுத்த பாலம் வரை போய்ச் சுற்றி வருவதற்குள் நேரம் கடந்துவிடும். சோழவந்தானுக்கு எதிரில் தென்கரை என்று ஓர் ஊரே இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பவர் ஊரைச் சொல்கிறாரா கரையைச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவே அரை நிமிடம் போகும். கோயில், பம்புசெட், தடுப்பணை, சுடுகாடு என்று அருகில் உள்ள அடையாளத்தைச் சொல்லுங்கள். ஒரு ஆளைத் தார்ச்சாலையில் நிறுத்துங்கள். 108க்குத் தனியாக இன்னொருவர் அழைக்கட்டும். எல்லாரும் ஒரே எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருப்பதுதான் வழக்கமாக நடப்பது.

ஆள் கரைக்கு வந்துவிட்டார், மூச்சு இல்லை என்றால் என்ன செய்வது? தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது மூன்றையும் நிறுத்துங்கள். வயிற்றிலிருந்து வெளியே வரும் நீரால் நுரையீரலுக்கு ஒரு பயனும் இல்லை. வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்துதான் கூடும். மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியை அழுத்தித் தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுக்க வேண்டும். முதலில் இரண்டு மூச்சு என்று சில பாடத்திட்டங்களும் ஐந்து என்று வேறு சிலவும் சொல்கின்றன. எண்ணிக்கையில் வாதம் வேண்டாம், மூச்சு முதலில் போக வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்று. அதன் பிறகு நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. இதயம் திடீரென நின்றுபோனவருக்குச் சொல்லித் தரும், நெஞ்சை மட்டும் அமுக்கும் முறை இங்கே போதாது. அவருக்கு நின்றது இதயம், ரத்தத்தில் இன்னும் பிராணவாயு மிச்சம் இருக்கும். மூழ்கியவருக்குத் தீர்ந்துபோனதே பிராணவாயுதான். வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் அதைத் துடைத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், மூச்சு கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் ஒருக்களித்து வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. கண் விழித்து எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரலில் போன நீர் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாக வரக்கூடும், அதனால்தான் அவர்களைச் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கயாக்குக்கு இடம் வருகிறது, அந்த இடம் சிறியதும் அல்ல. உயிர் பிரிந்த பிறகு நடக்கும் தேடுதலைப் பலர் இரண்டாந்தர வேலையாக நினைக்கிறார்கள். கரையில் மண்ணில் உட்கார்ந்திருக்கும் தாயை ஒரு இரவு முழுக்கப் பார்த்தவர் அப்படி நினைக்க மாட்டார்.

தேடுதலில் எல்லாமே கடைசியாகப் பார்த்த இடத்தைப் பொறுத்தது. பதற்றத்தில் சாட்சி சொல்லும் இடம் பெரும்பாலும் பிசகும். அதனால் அவரை நின்ற இடத்துக்கே திரும்பக் கூட்டிப் போய் நிறுத்தி, ஆள் தெரிந்த திசைக்கு நேர் எதிரே எதிர்க்கரையில் என்ன இருந்தது, பனைமரமா மின்கம்பமா என்று கேட்க வேண்டும். வேறோர் இடத்தில் நின்ற இன்னொரு சாட்சியிடமும் அதேபோல ஒரு கோடு வாங்கினால், இரண்டும் வெட்டும் இடத்தில் தேடலாம். கைப்பேசி வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நீச்சலே தெரிய வேண்டாம், தன்னார்வலர்கள் முதல் நாளிலிருந்தே செய்யக்கூடிய வேலை. மூழ்கிய உடல் தண்ணீருக்குள் சில கிலோ எடையே இருக்கும், ஆனாலும் கீழே போய்விடும். அடியில் ஓட்டம் மேற்பரப்பைவிட மெதுவாக இருப்பதால், தேங்கிய மடுவிலும் கண்மாயிலும் ஆள் காணாமல்போன இடத்துக்குப் பக்கத்திலேயே கிடப்பதுதான் அதிகம். கால்வாயிலும் வெள்ளத்திலும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஷட்டர், பாலத் தூண், கோரைப் புதர், ஆகாயத்தாமரைக் குவியல் என்று தடுக்கும் இடங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கயாக் நன்றாக உதவுவது அந்த வேலைக்குத்தான். கணுக்கால் நீரிலும் மிதக்கும். அடியில் சுழலும் விசிறி இல்லாததால் செடி சுற்றாது, நீரில் இருக்கும் முங்குநீச்சல்காரரையும் காயப்படுத்தாது. கரையிலிருந்து பார்வை எட்டாத நாணல் இடுக்குக்குள் போய்ப் பார்க்கலாம். ஆனால் உடலைத் தூக்க அதனால் முடியாது. ஒற்றை ஆள் கயாக்கிலிருந்து நினைவிழந்த ஒருவரை மேலே ஏற்ற முயன்றால் இருவரும் நீரில் இருப்பார்கள். நீரடியில் கிடப்பதைக் கொக்கிகளால் துழாவி எடுக்க எங்கள் துறை இன்னமும் பயன்படுத்தும் பாதாளக் கொலுசை இழுக்கவும் கயாக் பொருந்தாது. அதற்கு ரப்பர் படகு வேண்டும், இல்லாவிட்டால் அகலமான பரிசல். பரிசலைப் பழைய காலத்துப் பொருள் என்று இளைஞர்கள் ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. ஓட்டம் இல்லாத கண்மாயில் இரண்டு பேர் நின்று வேலை பார்க்க அதைவிட உறுதியான மேடை எளிதில் கிடைக்காது. மதுரை நகருக்குள் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடக்கும் பகுதிகளில் இரண்டுமே நகராது. அங்கே ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கிச் செடியை இழுத்துத்தான் தேடியிருக்கிறோம்.

உடல் தானாக எப்போது மேலே வரும் என்று கேட்பார்கள். மூன்றாம் நாள் என்று ஊரில் சொல்வது முழுப் பொய்யல்ல. உடலுக்குள் உண்டாகும் வாயுதான் அதை மேலே கொண்டுவருகிறது, வெப்பமான நீரில் அது வேகமாக உண்டாகும். மறுநாளே வந்ததும் உண்டு, வேரில் சிக்கி வராமலே போனதும் உண்டு. குடும்பத்தாரிடம் ஒரு நாளைக் குறித்துச் சொல்லாதீர்கள். இருட்டியதும் தேடுதலை ஏன் நிறுத்துகிறோம் என்பதை மட்டும் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாக விளக்குங்கள். கரையில் பெரும்பாலும் யாரும் செய்யாத வேலை அது. உடல் கிடைத்துவிட்டால் காவல்துறை வரும்வரை அதை எடுத்துப் போகக் கூடாது. இயற்கைக்கு மாறான மரணங்களுக்கான விசாரணை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவின் கீழ் நடந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின் கீழ் நடக்கிறது. எங்கே, எந்த நிலையில், யார் கண்டார் என்பதைக் குறித்து வையுங்கள். படம் எடுத்துப் பரப்புபவரைக் குழுவிலிருந்து அன்றே நீக்குங்கள்.

தேசிய பேரிடர் மீட்புப் படையை ஏன் அழைக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டுக்கான அதன் படைப்பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது, மதுரைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். பெருவெள்ளத்துக்கு முன்கூட்டியே வந்து நிற்பார்கள். ஒரு தனி ஆள் மூழ்கியதற்கு அந்தத் தூரத்திலிருந்து வந்து உயிரை மீட்பது நடக்கிற காரியம் அல்ல.

சரி, ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள், கொஞ்சம் பணமும் இருக்கிறது. என்னைக் கேட்டால் கயாக்கைக் கடைசியில் வாங்குவேன். முதலில் உங்கள் பகுதியில் ஆட்கள் வழக்கமாகக் குளிக்கும் படித்துறைகளையும் தடுப்பணைகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இருபது மீட்டர் மிதக்கும் கயிறு கட்டிய காலிக் கேன் ஒன்றைத் தொங்கவிடுவேன். திருடு போகும். போனால் மறுபடி கட்ட வேண்டியதுதான். பக்கத்து டீக்கடைக்காரர், மாடு மேய்ப்பவர், சலவைத் தொழிலாளர், கண்மாய் மீன் குத்தகைக்காரர் ஆகியோருக்குக் கயிறு வீசவும் மூச்சு கொடுக்கவும் பழக்குவேன். ஐந்து நிமிடத்துக்குள் அங்கே இருக்கப் போவது அவர்கள்தான். தீயணைப்பு நிலையத்துக்குப் போய் நிலைய அலுவலரிடம் பெயர், தொலைபேசி எண், யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியலைக் கொடுங்கள். அவர் அழைத்தால் மட்டும் போங்கள், போனால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒரே மடுவில் இரண்டு தலைமை இருந்தால் இன்னொரு உடலையும் தேட வேண்டி வரும்.

கயாக் வாங்கினால், உள்ளே கால் நுழைத்து உட்காருவதை விட்டுவிட்டு மேலே உட்காரும் வகையை எடுங்கள். கவிழ்ந்தாலும் நீர் நிரம்பாது, மறுபடி ஏறுவது எளிது. உயிர்காப்பு உடை இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது, எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும். தனியாக ஒரு கயாக்கை அனுப்பாதீர்கள், எப்போதும் இரண்டு. நினைவோடு தத்தளிப்பவரைப் பக்கவாட்டில் பிடிக்க விட்டால் கவிழும். சற்றுத் தள்ளி நின்று பேசி, முதலில் ஒரு மிதவையைக் கொடுத்து, அவர் அமைதியான பிறகு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாகக் கரைக்கு இழுக்க வேண்டும். திருவிழா நாட்களிலும் மழை வெள்ளத்திலும் இந்தக் கயாக்குகளுக்கு உண்மையான வேலை இருக்கும், ஏனென்றால் அப்போது அழைப்புக்காகக் காத்திருக்காமல் முன்கூட்டியே நீரோரத்தில் நிற்க முடியும். வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. முதல் எச்சரிக்கை வந்ததுமே கயிறுகளைச் சரிபார்த்து ஆட்களைத் தயார் செய்யலாம். ஆனால் மரமும் புதரும் அடித்து வரும் பெருவெள்ளத்தின் நடு ஓட்டத்தில் கயாக்கை இறக்காதீர்கள். நீர் புகுந்த தெருக்களில் முதியவர்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோக அது போதும்.

நம் ஆற்றுக்கு ஒரு வசதி உண்டு, அது ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும். பங்குனி வெயிலில் காலையிலேயே கிளம்பி, உங்கள் பகுதி முழுவதையும் படுகையில் இறங்கி நடந்து பாருங்கள். மணல் அள்ளிய குழி எங்கே, அணைக்குக் கீழே அரித்த பள்ளம் எவ்வளவு ஆழம், துருப்பிடித்த கம்பி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, வண்டி இறங்கும் வழி எந்தக் கரையில் என்று ஒரு வரைபடம் போட்டு, ஒரு பிரதியை நிலையத்தில் கொடுங்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மணல் இடம் மாறும் என்பதால் அதை ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். அழகர் இறங்குவதற்காகச் சித்திரையில் அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.